நெல்மணி அளவு இரும்பு

தம்மாம், சவூதி அரேபியா
7 மார்ச் 1980

அன்புள்ள ஸல்ஹாவுக்கு,

ஸலாம். நான் சுகம். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. காலையில் ஸ்பானரைத் தொட்டால் விரல் விறைத்துப்போகிறது. உன் சுகத்துக்கும் உன் உம்மாவின் முழங்கால் வலிக்கும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கொண்டு வருகிற ஸைனுலாப்தீன் என்னோடு ஒரே கராஜில் வேலை செய்கிறவன், நம் திருகோணமலைப் பொடியன்தான். கலியாணம் முடிக்க நீண்ட லீவில் வருகிறான். அவனிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறேன். உள்ளே பஞ்சில் சுற்றி இருப்பது உன் காரின் கியர் தண்டில் பூட்டுகிற குமிழ். கண்ணாடி போல ஒரு உருண்டை, அதற்குள் ஒரு சிவப்பு ரோசாப்பூ, உச்சியில் அமத்துவதற்கு வெள்ளிப் பொத்தான். இப்போது காரில் இருக்கிற கறுப்புக் கைப்பிடி உலக்கைத் துண்டு மாதிரி இருக்கிறது என்று நீதானே சொன்னாய். கடையில் இதைக் கண்டவுடன் கால் நகரவில்லை.

ஆனால் ஒரு விஷயம். பழைய கைப்பிடி தண்டின் மேல் நன்றாக இறங்கி உட்கார்ந்திருக்கிறது. புதுக் குமிழ் தண்டின் நுனியில்தான் ஏறும். அப்படியே பூட்டினால் அது உன் தோளைத் தொடும். நீயும் கட்டை, உன் கையும் கட்டை. ஆகவே தண்டை இரண்டு விரல் அகலம் வெட்டிக் குறைத்து, புதிதாகப் புரி போட வேண்டும். அது பஸ், லொறித் தண்டு போல முழு இரும்பு இல்லை. குழல். குழலுக்குள் ஒரு கம்பி போகிறது. பொத்தானை அமத்தினால் கம்பி கீழே போய்ப் பூட்டைத் திறக்கும். அப்போதுதான் தண்டு 'பார்க்' என்கிற பூட்டு நிலையை விட்டு அசையும். குழலையும் கம்பியையும் தனித்தனியே அளந்து வெட்ட வேண்டும். நம் ஊரில் இந்த மாதிரிக் காரைக் கழற்றிப் பார்த்தவர் எவரும் இல்லை. கிளச் இல்லாத கார் என்று ஒருவரும் வாங்காமல் கிடந்தபடியால்தானே கொழும்பில் அந்த வெள்ளைக்காரர் நமக்குத் தந்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

ஒருவரையும் வாள் வைக்க விடாதே. நோன்புப் பெருநாளைக்கு வந்து நானே செய்து தருகிறேன்.

இடது காலுக்கு எண்ணெய் போடுகிறாயா? மற்றக் கதைகளை ஸைனுலாப்தீன் சொல்லுவான். சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லுவான் என்று நம்புகிறேன்.

உன்
தாஹிர்


உட்துறைமுக வீதி, திருகோணமலை
30 மார்ச் 1980

மச்சானுக்கு ஸலாம்.

குமிழ் வந்து சேர்ந்தது. ஆளைத்தான் காணவில்லை.

ஸைனுலாப்தீன் பாவம். கதிரை நுனியில் இருந்து வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டு, உங்கள் புகழையே பாடினான். இரண்டாம் துண்டில் வாய் தவறிவிட்டது. "காக்கா இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பம் வச்சிட்டார்தானே ராத்தா. ஒங்களுக்கு எழுதல்லையா?" என்று கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்ச வட்டிலப்பத்தை வைத்துவிட்டுப் போனான்.

குழலுக்குள் கம்பி போவதை எழுத உங்களுக்குக் கடுதாசியில் இடம் இருந்தது. இதை எழுத இடம் இருக்கவில்லை.

போன நோன்புப் பெருநாளைக்கு வருகிறேன் என்றீர்கள், ரேடியோ கசெட் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்றீர்கள், மேசை விசிறி வந்தது. இப்போது ரோசாப்பூ. வீட்டில் இனிச் சாமான் வைக்க இடமில்லை. ஒரு ஆள் வந்து இருக்க மட்டும் இடம் நிறையக் கிடக்கிறது.

கார் நன்றாக ஓடுகிறது. படிப்பிக்கப் போகிறேன், வருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் கிண்ணியாத் துறையில் காரோடு பாதைப் படகில் ஏறி, அக்கரை போய்க் குறிஞ்சாக்கேணியில் உம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தப் பாதை மிதந்து போகும்போது காரை விட்டு இறங்காமல் கடல் பார்க்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. வலது கால் ஒன்றாலேயே ஓட்டக்கூடிய காரைத் தேடிப் பிடித்துத் தந்தவர் நீங்கள். சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிய காலைப் பார்த்து ஊரே என்னைப் 'பாவம்' என்றபோது, 'உனக்குக் கார் ஓட்டப் பழக்குறன் வா' என்றவரும் நீங்கள்தான். ஒன்றையும் மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் இவ்வளவு கோபம்.

குமிழை அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். இனிமேல் பெருநாளைக்கு வருகிறேன் என்று எழுதினால் வருஷத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஸல்ஹா


தம்மாம்
22 ஏப்ரல் 1980

என் ஸல்ஹாவுக்கு,

ஸலாம். ஒப்பம் வைத்தது உண்மை. சொல்லப் பயந்ததும் உண்மை. அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடியும்போது இந்தக் கராஜின் பழைய லேத்தையும் கார் தூக்குகிற ஜக்குகளையும் எனக்கே தருவதாக முதலாளி சொன்னார். அவை இருந்தால் திருகோணமலையில் சொந்தமாக ஒரு கராஜ் போட்டுவிட்டு உன்னை விட்டு எங்கும் போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே லீவு கேட்டேன். "யாராவது மவுத்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "யாருக்காவது சுகமில்லையா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஸல்ஹா. பழைய கார்களைப் பெற்ற பிள்ளைகள் மாதிரி வைத்திருக்கிறவர். மனிதருக்கு ஏக்கம் வரும் என்பதுதான் அவருக்குப் புரிவதில்லை.

வருஷத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாய். நோன்புப் பெருநாள், 1981. 

குமிழ் அதுவரை அலுமாரியிலேயே இருக்கட்டும். தண்டைத் தொடாதே புள்ள. கோபத்தை என்மேல் காட்டு, அதன்மேல் காட்டாதே.

தாஹிர்


திருகோணமலை
18 மே 1980

மச்சானுக்கு ஸலாம்.

தண்டை வெட்டிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை ஒரு இடத்தில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

1981 என்று வாசித்த அன்றே குமிழை எடுத்துக்கொண்டு தம்பிராசா அண்ணனின் பட்டறைக்குப் போனேன். துறைமுகத்தில் வேலை செய்துவிட்டு வந்து, வீட்டோடு லேத் போட்டிருக்கிறாரே, அவர்தான். வள்ளத்து எஞ்சினும் லொறித் தண்டும் அவருக்குப் பச்சைத் தண்ணீர். கைப்பிடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன டீச்சர், குழலுக்குள்ள ஒரு கம்பி ஓடுது?" என்று கேட்டார். எனக்கு நீங்கள் எழுதினது வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. "ரெண்டையும் ஒண்டா வெட்டி விடட்டோ? அப்பத்தான் வாய் ஒரே மட்டமா வரும்" என்றார். ஓம் என்றேன். கோபம் வந்தால் எனக்குப் புத்தி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

வெட்டி, புரி போட்டு, குமிழைப் பூட்டினார். சும்மா சொல்லக்கூடாது, கொள்ளை அழகு. பொத்தானை மட்டும் பலமாக அமத்த வேண்டியிருந்தது. புதுச் சாமான், போகப் போகச் சரிவரும் என்று விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பாதையில் நான்தான் முதல் ஏறினேன். முதல் ஏறின கார்தான் முதல் இறங்க வேண்டும். அது நகராவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்குக் கடலில் குதிக்கிறதைத் தவிர வேறு வழியில்லை. வழக்கம் போலத் தண்டைப் பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பூச்சோடித்த ஒரு வான். அதற்குப் பின்னால் வெறும் தயிர்ச்சட்டி ஏற்றின லொறி.

கிண்ணியாக் கரையில் பாதை முட்டிக்கொண்டு சற்றுச் சரிந்து நின்றது. சங்கிலியைக் கழற்றினார்கள். பொத்தானை அமத்தினேன். தண்டு வரவில்லை. இரண்டு கையாலும் அமத்தினேன். ரோசாப்பூ என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறது.

"டீச்சர், எடுங்கோ! சனம் நிக்குது!" என்று பாதைக்காரர் கத்துகிறார். லொறிக்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "கிளச் இல்லாத காருக்குக் கால் இல்லாத றைவர்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அப்போது அந்த வானின் கதவு திறந்தது. மாப்பிள்ளைத் தொப்பி, கோட்டு, கழுத்தில் மாலையோடு இறங்கி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸைனுலாப்தீன்! நிக்காஹுக்குப் பெண் வீட்டுக்குப் போகிற வழி. காருக்குள் எட்டிப் பார்த்தவன் தலையில் கை வைத்தான். "யா அல்லாஹ்! ராத்தா, இது நான் கொண்டு வந்த சாமானெல்லோ!" என்றான். அவன் சுமந்து வந்த குமிழ் அவனுடைய கலியாணத்தையே மறித்துக்கொண்டு நிற்கிறது.

நான் இறங்கப் பார்த்தேன். "நீங்க இரிங்க ராத்தா, ஸ்டீரிங்கப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டான். "பின் சில்லு ரெண்டும்தான் பூட்டிக்கிடக்கு. பின்பக்கத்தத் தூக்கினா முன்சில்லு உருளும். வாங்கோ!" முதலில் அவன்தான் கை வைத்தான். பிறகு கலியாணக்காரர், பாதைக்காரர், லொறிக்காரன், சிரித்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து என்னையும் காரையும் தூக்கிக் கரையில் வைத்தார்கள். மாலையில் இருந்த பூவில் பாதி என் டிக்கியில் ஒட்டிக்கிடந்தது. கோட்டில் கிரீஸோடுதான் மாப்பிள்ளை போனான்.

எல்லாரும் போன பிறகு குமிழைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். குழலுக்குள் பார்த்தேன். கொண்டை ஊசியை எடுத்துக் கம்பியைக் குத்தினேன். 'டிக்' என்று தண்டு வந்துவிட்டது. அன்று முழுக்கத் தலைமுடியை அவிழ்த்து முக்காட்டுக்குள் போட்டுக்கொண்டு, ஊசியால் குத்திக் குத்தித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

"காரை வித்துப்போடு மகள், போதும்" என்கிறா உம்மா. நீங்களும் அதைத்தான் எழுதுவீர்களா?

கோபம் போய்விட்டது. வெட்கம்தான் மிச்சம். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் உங்களைத் திட்டித் தீர்த்திருப்பேன், தண்டு தப்பியிருக்கும்.

ஸல்ஹா


தம்மாம்
8 ஜூன் 1980

என் கண்ணான ஸல்ஹாவுக்கு,

ஸலாம். காரை விற்கச் சொல்ல மாட்டேன். உம்மாவுக்கு என் ஸலாமைச் சொல்லி அதையும் சொல்லு. துறையில் உன் காலைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்ன மனிதரை நான் ஒருநாள் கண்டால், உன் காரிலேயே ஏற்றி அக்கரை கொண்டுபோய் விடுவேன். கிளச் இல்லாத கார் எவ்வளவு சுகம் என்று அவரும் அறியட்டும்.

கொண்டை ஊசி இடத்தில் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். கராஜில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நோயைப் பாதி கண்டுபிடித்தவள் நீ, மீதியை நான் சொல்கிறேன். கம்பி குழலின் வாயோடு மட்டமாக நிற்கிறது. அது சற்றே எட்டிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் பொத்தான் அதைத் தள்ளும். குறைந்ததை ஒட்டத் தேவையில்லை. குழலுக்குள் நுழைகிற தடிப்பில் ஒரு ஆணியை எடுத்து, அதன் உடம்பில் ஒரு நெல்மணியிலும் சற்று நீளமாகத் துண்டு வெட்டு. இரண்டு பக்கமும் அரத்தால் தட்டையாக்கு. குழலுக்குள் கம்பியின் தலைமேல் போட்டுக் குமிழைப் பூட்டு.

துண்டு குறைந்தால் கார் அசையாது. கூடினால் நிற்காது. கூடுவதுதான் ஆபத்து, பொத்தானைத் தொடாமலே தண்டு பார்க்கை விட்டு நழுவும். ஆகவே முதலில் சில்லுகளுக்குக் கல் வை. கொஞ்சம் கொஞ்சமாக அராவு. ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமத்தாமல் தண்டை இழுத்துப் பார். வந்தால் இன்னும் அராவு. வராமல் நின்று, அமத்தினால் மட்டும் வந்தால், அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கப் பார்த்தேன். இதையும் நீயே செய்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? பிறகு வெள்ளிக்கிழமை உம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா என்று நினைத்து உறையை ஒட்டினேன்.

தாஹிர்


தம்மாம்
25 ஜூன் 1980

ஸல்ஹா, ஸல்ஹா,

லீவு கிடைத்துவிட்டது!

முதலாளி, "அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தாய்?" என்று கேட்டார். உன் கடிதத்தை எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். பாதை, மாப்பிள்ளை, கொண்டை ஊசி எல்லாம் கேட்டுச் சிரித்தார். குழலையும் கம்பியையும் ஒன்றாக வைத்து வெட்டினார்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். "ஒரு கார் அப்படி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, நீ இங்கே நின்று என் கார்களைத் திருத்துகிறாயா? போ! பெருநாளைக்கு முன்னமே போ!" என்றார். மனைவி என்று கேட்டபோது கிடைக்காத லீவு காருக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு எதற்குக் கிடைத்தால் என்ன!

புதுக் குழலும் கம்பியும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நீ ஒன்றுக்கும் கை வைக்காதே. வந்து கொண்டிருக்கிறேன்.

தாஹிர்


திருகோணமலை
28 ஜூன் 1980

மச்சானுக்கு ஸலாம்.

செய்துவிட்டேன்! என் கையாலேயே!

தம்பிராசா அண்ணனிடம் அரம் மட்டும் இரவல் வாங்கினேன். "நான் வந்து செய்யிறன் டீச்சர், என்னால வந்த பிழை" என்றார். பிழை என்னுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆணியைச் சிரட்டையில் வைத்து அராவினேன், இழுத்துப் பார்த்தேன், அராவினேன். இரண்டு துண்டு குறுகிப்போய் வீணாகிவிட்டன. மூன்றாவதைப் போட்டு இழுத்தேன், தண்டு அசையவில்லை. பொத்தானை ஒரு விரலால் தொட்டேன், வெண்ணெயில் கத்தி போனது போல வந்தது. தனியாக இருந்து 'மச்சான்!' என்று கத்தினேன்.

நேற்றுப் பாதையிலும் போய் வந்தேன். இறங்கும்போது பாதைக்காரர் கைதட்டினார். உங்கள் லேத்தும் ஜக்கும் வரட்டும், நீங்கள் ஆறுதலாக 1981இலேயே வாருங்கள். இங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறாள்.

ஸல்ஹா


தம்மாம்
13 ஜூலை 1980

அன்புள்ள ஸல்ஹாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. என் கடிதத்தை நீ காணுமுன் எழுதியிருக்கிறாய் போல. மிகவும் சந்தோஷம். என்னோடு வேலை செய்கிற எல்லாரிடமும் சொன்னேன்.

நேற்று முதலாளி, "கார் எப்படி?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. வீட்டுக்காரியே திருத்திவிட்டாள் என்றேன். "மாஷா அல்லாஹ்!" என்று என் முதுகில் தட்டினார். பிறகு, "அப்படியென்றால் லீவு?" என்பது போலப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஒரு காருக்கு அடியில் புகுந்துவிட்டேன். டிக்கட் இன்னும் எடுக்கவில்லை.

நீ விளையாட்டுக்குத்தான் எழுதினாய், தெரியும். ஆனாலும் இங்கே படுத்திருந்து யோசிக்கிறபோது விளையாட்டும் குத்துகிறது. கார் ஓடுகிறது, வீடு ஓடுகிறது, உம்மாவை நீ பார்க்கிறாய். இந்த மூன்று வருஷத்தில் நான் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டாய். பழக்கினவனும் நான்தான். வந்து இறங்கி, எந்தக் கதிரையில் இருக்கிறது என்று தெரியாமல் விருந்தாளி மாதிரி நிற்கப் பயமாக இருக்கிறது.

நான் தேவையா, ஸல்ஹா? நீயே எழுது. வா என்றால் வருகிறேன்.

தாஹிர்


திருகோணமலை
26 ஜூலை 1980

மச்சானுக்கு ஸலாம்.

இதையும் ஸைனுலாப்தீன்தான் கொண்டு வருகிறான். லீவு முடிந்து திரும்பி வருகிறான். இப்போது முன் அறையில் நான் எழுதி முடிக்கக் காத்திருக்கிறான். "வீட்டுக்காரி அழுதுகொண்டே நிக்கிறாள் ராத்தா, பாக்க ஏலாது" என்று சொல்லிச் சுவரைப் பார்க்கிறான். நீங்கள் போன அன்று நான் அழவில்லை. பெரிய கெட்டிக்காரி என்று காட்டினேன். அது பிழை.

விளையாட்டுக்கு எழுதினது உங்களைக் குத்தினதற்கு என்னை மன்னியுங்கள். உங்கள் முன்னைய கடிதம் கைக்கு வந்தபோது, லீவு கிடைத்துவிட்டது என்று வாசித்துத் துள்ளினேன். என் கடிதம் அதற்குள் உங்களிடம் போயிருக்குமே என்று நினைத்ததும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

கார் ஓடத்தான் செய்கிறது. நேற்று உம்மாவோடு நோன்பு திறக்கப் போனேன். பாதையில் நல்ல காற்று. சீனக்குடாப் பக்கம் ஒரு பெரிய கப்பல் வந்து நின்றது. 'இஞ்ச பாருங்க மச்சான்' என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பக்கத்துச் சீற்றில் பேரீச்சம்பழப் பை இருந்தது. இது எனக்கு ஒருநாள் இரண்டு நாள் நடக்கிற காரியம் இல்லை. நீங்கள் இல்லாமல் இருக்க நான் பழகவில்லை. நீங்கள் இல்லாமல் வேலைகளைச் செய்யத்தான் பழகினேன். இரண்டும் ஒன்றில்லை.

காரைத் திருத்த நீங்கள் வேண்டாம். திருத்த எனக்குத் தெரியும். நீங்கள் எனக்கு வேண்டும். இதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு, இவ்வளவு நாளும் குமிழ், குழல், கம்பி என்று எழுதிக்கொண்டிருந்தோம், நீங்களும் நானும்.

ஆனால் உங்கள் முதலாளிக்கு ஒரு காரணம் வேண்டும். உங்களுக்கோ பொய் வராது. அதனால் பொய்யே தேவைப்படாதபடி செய்துவிட்டேன். இந்த உறையைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டுங்கள்.

விழுந்ததா? நான் அராவின துண்டு அதுதான். இன்று காலை குமிழைக் கழற்றி எடுத்தேன். கார் முற்றத்தில் பார்க்கில் நிற்கிறது, ஒரு அடி நகராது. உங்கள் முதலாளிக்கு அதைக் காட்டி, கார் திரும்பவும் பழுது என்று சொல்லுங்கள். முழு உண்மை. இன்னொன்று அராவ எனக்குத் தெரியும், அராவ மாட்டேன். கொண்டை ஊசியையும் தொட மாட்டேன். நோன்புக்குப் பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. உம்மாவிடம் பஸ்ஸில் போய், பாதையில் சனத்தோடு சனமாக நின்று போவேன். கால் வலிக்கும். வலிக்கட்டும்.

பெருநாளன்று மட்டும் உம்மாவிடம் காரில்தான் போவேன். எனக்குப் பக்கத்துச் சீற்றில் நீங்கள் இருக்க வேண்டும்.

அந்தத் துண்டைத் தபாலில் திருப்பி அனுப்பாதீர்கள். ஸைனுலாப்தீனின் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள்.

உங்கள்
ஸல்ஹா